ரைபிள் கட்டையின் நீளத்தைக் குறைத்தேன்
ரைபிளைத் தோளில் வைத்தாலே கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஓரமெல்லாம் கறுப்பு வளையம். முதலில் ஸ்கோப்பைத்தான் சந்தேகித்தேன், கோளாறு கட்டையில், அதாவது தோளில் பதியும் பின்பகுதியில்: அது எனக்கு நீளம்.

உள்ளே தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை டேப்பால் அளந்தேன்: 14 அங்குலம். கட்டை முனையிலுள்ள ரப்பர் பேடின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, இடையிலிருந்த கால் அங்குலத் தகடுகளில் இரண்டை எடுத்தேன். 13.5 ஆனது.

கண்ணை மூடி, தோளில் பொருத்தி, கன்னத்தை இயல்பாகப் பதித்துக் கண் திறந்தேன். முழு வட்டமும் தெளிவு! கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது வெறும் தோராயம். இந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன். சுடும்போது போடும் உடையிலேயே அளந்துகொள்ளுங்கள், தடித்த ஜாக்கெட் கணக்கை மாற்றிவிடும்.