லண்டனில் பிள்ளைக்குக் காய்ச்சல்: அம்மாவும் அம்மம்மாவும் டொக்டரும்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மல்லி அவிப்பார்கள், நெற்றியில் ஈரத்துணி போடுவார்கள், திருநீறு பூசுவார்கள். மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க ஓடுவார்கள். இங்கே லண்டனில் டொக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "வைரஸ்தான், குடிக்கக் கொடுங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கும் எனக்கு, "ஒருத்தரும் கவனிக்கேல்லை" என்று கண்கலங்கும் தாய்மாரைத் தெரியும். அம்மம்மாவின் பயம் சன்னியும் டெங்குவும். டொக்டர் தேடுவது மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளையும் இரத்தத்தில் கிருமி பரவுவதையும். அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

"104 அடிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே செல்சியஸ்தான், அது 40. அதைவிட முக்கியம் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது: கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா. தெர்மாமீற்றர் இல்லையென்றால், கை வைத்துப் பார்த்தேன், கொதிக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். பெற்றவரின் அந்தக் கணிப்பை மதிக்க வேண்டும் என்று இந்நாட்டு மருத்துவ வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனால் 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 வந்தாலே அவசரம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குவளையை மேலே வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால் உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் அந்தப் புள்ளிகள் முதுகிலும் வயிற்றிலும் லேசில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்பக்கம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மம்மாவோடு துணிக்காகச் சண்டை வேண்டாம். பிள்ளைக்குப் பிடித்தால் நெற்றியில் இருக்கட்டும். உடம்பு முழுக்கத் தண்ணீரால் துடைப்பதும் கம்பளியால் மூடுவதும்தான் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சன்னி என்று பெரியவர்கள் சொல்லும் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில் வரும். பார்க்கவே நெஞ்சு பதறும். ஆனால் அநேகமாகச் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையைக் கெடுப்பதில்லை. பரசிட்டமோல் அதைத் தடுக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரம் பாருங்கள். முதல் தடவை என்றாலோ 5 நிமிடம் தாண்டினாலோ 999.

ஊரிலிருந்து யாராவது மருந்து கொண்டுவந்தால் போத்தலைத் திருப்பி வாசியுங்கள். பரசிட்டமோல் துளி மருந்தில் 1 மில்லிலீற்றருக்கே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. இங்குள்ள சின்னப் பிள்ளைகளின் சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம்தான். இங்குள்ள கரண்டியால் அந்தத் துளி மருந்தை அளந்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். காய்ச்சலைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து தேவையில்லை. பிள்ளை அவதிப்பட்டால் கொடுங்கள்.

அண்மையில் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போய்வந்திருந்தால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து என்று அம்மம்மா சொன்னால் அது சரி, அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரவில் சந்தேகம் வந்தால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால், எடுத்தவுடன் "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், அதற்குக் காசு இல்லை.