பாடத்திட்டம் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளில் அதைத் திருத்தும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பழைய சிலபஸைத் திறந்து, புதிதாக வந்த பாடநூலின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தியாயங்களை ஐந்து அலகுகளாகப் பிரித்துப் போடுவார்கள். எல்லாம் முடிந்தபின் மேலே 'பாட விளைவுகள்' என்று ஐந்து வரிகள் சேரும். மற்ற தவறுகள் பலவும் இந்த வரிசையிலிருந்துதான் பிறக்கின்றன. மாணவர் எதைச் செய்யத் தெரிந்து வெளியே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம்தான் பாடப்பொருள். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-லேயே இதை வலியுறுத்திவிட்டார்.

பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது. அதற்குப்பின் பொறியியல் கல்லூரிகளில் விளைவு அடிப்படையிலான கல்வி, அதாவது மாணவர் கடைசியில் செய்யத் தெரிய வேண்டியதை முதலில் வகுத்துக் கற்பிக்கும் முறை, வேகமாகப் பரவியது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தது. யோசனை நல்லது. ஆனால் நடைமுறையில் அது 1, 2, 3 என்று எண்கள் நிரப்பும் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது. பாட விளைவுக்கும் பட்டப்படிப்பின் விளைவுக்கும் எவ்வளவு தொடர்பு என்று அந்த எண் சொல்ல வேண்டும்; 3 என்றால் வலுவான தொடர்பு. ஒரே ஆசிரியர் ஒரே மாலையில் எல்லாப் பாடங்களுக்கும் நிரப்பினால் அது எதையும் சொல்லாது. ஒவ்வொரு '3'-க்கும் பக்கத்தில் அதைச் சோதிக்கும் ஒரு கேள்வியையோ பயிற்சியையோ காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

ஆகப் பெரிய கோளாறு வினாத்தாளில் இருக்கிறது. பிசிஏ படிப்பின் தரவுத்தளப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'மாணவர் தரவுத்தளத்தை வடிவமைப்பார்' என்று விளைவில் எழுதியிருப்போம். தேர்விலோ 'நார்மலைசேஷனின் வகைகளை விளக்குக' என்று கேட்போம். (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரித்து அமைப்பதுதான் நார்மலைசேஷன்.) மாணவர் விவரமானவர், நோட்ஸை மனப்பாடம் செய்து மூன்று பக்கம் எழுதிவிடுவார். அவருக்கு வடிவமைக்கத் தெரியுமா என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது. அதற்குப் பதிலாக, ஒரு மளிகைக் கடையின் பில் விவரங்களை ஒரே அட்டவணையில் கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் திரும்பத் திரும்ப வரட்டும். முகவரி மாறினால் என்ன சிக்கல் வரும் என்று கேளுங்கள். பிறகு அதை நார்மலைசேஷனின் மூன்றாம் படியான மூன்றாம் நார்மல் ஃபார்முக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதே பத்து மதிப்பெண்தான். ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் வகுப்பறையும் தானாக மாறும். ஆசிரியர் வரையறையை எழுதிப்போடுவதை விட்டு, பில்லைப் பலகையில் போட்டு அதைப் பிரிக்கும்படி மாணவர்களிடம் சொல்வார்.

வினாத்தாளின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். 75 மதிப்பெண் தாளில், பகுதி 'இ'-யில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும் என்ற முறை பல இடங்களில் உண்டு. அலகுக்கு ஒரு கேள்வி என்று பிரித்தால், இரண்டு அலகுகளை ஆழமாகப் படிக்காமலே முழு மதிப்பெண் எடுக்க வழி இருக்கிறது. கடைசி இரண்டு அலகுகளில்தான் பெரும்பாலும் அந்தப் பாடத்தின் பயன்பாட்டுப் பகுதி இருக்கும் என்பது வருத்தமான விஷயம்.

அடுத்தது, சேர்ப்பதை மட்டும் செய்து நீக்காமல் விடுவது. நான்கு கிரெடிட் பாடத்துக்கு வாரம் நான்கு மணி நேரம், 15 வாரத்துக்கு 60 மணி நேரம். அலகுக்குப் பன்னிரண்டு. இன்டர்னல் தேர்வு, விழா, விடுமுறை எல்லாம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. இந்தக் கணக்கைப் போடாமல் 'செயற்கை நுண்ணறிவையும் ஒரு தலைப்பாகச் சேர்த்துவிடலாம்' என்றால், வகுப்பில் அது ஒரு ஸ்லைடாக ஓடி மறையும். புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்று போக வேண்டும். எதை நீக்குவது என்பதுதான் கடினமான விவாதம். பாடத்திட்டக் குழு கூடுவதே அதற்காகத்தான்.

குழுவில் துறைத் தலைவர், வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதி, தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் எல்லாரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி சொல்கிறது. வரைவு முந்தின நாள் இரவு மின்னஞ்சலில் வந்தால் அவர்கள் கையெழுத்து மட்டுமே போட முடியும். இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். மாதிரி வினாத்தாளையும் சேர்த்து அனுப்புங்கள். தலைப்புகளின் பட்டியலைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியாதவர்கூட வினாத்தாளைப் பார்த்தால் சொல்வார். இன்னொன்று: அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குகிறார்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் எழுதுவது பெரிய அநியாயம், பாடத்துக்கும் நஷ்டம்.

பருவத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டு கையில் இருக்கும்போதே ஒரு வேலை செய்யலாம். எந்தக் கேள்வியை அதிகம் பேர் தொடவில்லை, எதை எழுதியும் தவறவிட்டார்கள் என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக அதை வையுங்கள்.