கிரைண்டர் பிடிக்கும்போது பேன்ட் ஷூவுக்கு வெளியே இருக்கட்டும்

இரும்பு தேய்க்கும் கிரைண்டரோ வெல்டிங்கோ பிடிக்கும்போது, கணுக்காலை மூடும் ஷூ போட்டு, பேன்ட்டை அதற்கு மேலே தொங்க விடுங்கள். உள்ளே செருகாதீர்கள், நுனியை மடித்தும் விடாதீர்கள். துணி கெட்டிப் பருத்தியாக இருக்க வேண்டும்.

தெறிக்கும் பொறி அப்போது துணிமேல் வழுக்கித் தரைக்குப் போய்விடும். செருகியிருந்தால் ஷூவின் வாய்க்குள் விழும். மடிப்பில் தங்கினால் நீங்கள் கவனிக்கும் முன்பே புகையத் தொடங்கும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தி பெரும்பாலும் கருகி ஓட்டை விழுவதோடு நின்றுவிடும். ஆனால் எண்ணெய்க்கறை பட்டதும், ஓரம் நைந்து நூல் தொங்குவதும் சட்டெனப் பற்றும், பருத்தியானாலும் வேண்டாம்.

துளை போடும் டிரில்லிங் மெஷினுக்கும், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்துக்கும் கணக்கே வேறு. அங்கே சட்டையின் முழுக்கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடித்து, கையுறையைக் கழற்றிவிடுங்கள். சுழலும் பிட் கையுறையின் நுனியைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.