அடுத்தவங்களை நியாயந்தீர்க்கிறதுக்கு முன்னாடி நம்மளை எப்படி சோதிச்சுப் பாக்கிறது

மத்தேயு 7ஆம் அதிகாரம்னா நிறைய பேரு முதல் வசனத்தோட நிறுத்திடுறாங்க. "பாத்தீங்களா, யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாது"னு சொல்லி முடிச்சுடுறாங்க. ஆனா 5ஆம் வசனம் வரைக்கும் படிங்க, முதல்ல உன் கண்ல இருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, அப்புறம் உன் சகோதரன் கண்ல இருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்னு இயேசு சொல்றாரு. துரும்பை எடுக்கவே வேணாம்னு அவர் சொல்லல, எதை முதல்ல எடுக்கணும்னுதான் சொல்றாரு.

சரி, அந்த உத்திரத்தை எப்படி கண்டுபிடிக்கிறது? அது நம்ம கண்ணுலயே இருக்கிறதால நமக்குத் தெரியாது, அதுதான் பிரச்சனையே. எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி, நம்ம கோவத்தைப் பாக்கிறது. யாரோட எந்தத் தப்பைப் பாத்தா உங்களுக்கு அளவுக்கு மீறி எரிச்சல் வருதோ அங்க கொஞ்சம் நில்லுங்க.

2 சாமுவேல் 12ல தாவீது ராஜாகிட்ட நாத்தான் தீர்க்கதரிசி வந்து, நிறைய ஆடு மாடு வச்சிருந்த ஒரு பணக்காரன் ஒரு ஏழையோட ஒரே ஒரு ஆட்டுக்குட்டியைப் பிடிச்சு விருந்தாளிக்கு சமைச்ச கதையை சொல்றாரு. உடனே தாவீதுக்கு கோவம் பொங்குது, அவன் சாகணும், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்றாரு. இப்ப யாத்திராகமம் 22:1 எடுத்துப் பாருங்க, ஆடு திருடினா நாலு ஆடு கொடுக்கணும், அவ்வளவுதான் சட்டம், மரண தண்டனையெல்லாம் அதுல கிடையாது. அந்த எக்ஸ்ட்ரா எங்கிருந்து வந்துச்சு? தன்னோட படைவீரன் உரியாவோட மனைவியை எடுத்துக்கிட்டு உரியாவையும் சாகடிச்ச அதே தாவீதுகிட்ட இருந்து. "நீயே அந்த மனுஷன்"னு நாத்தான் சொல்றப்போ அவளுக்கு தாவீதோட குழந்தையே பிறந்தாச்சு, அத்தனை மாசமா அவருக்கு அது உறைக்கவே இல்ல. ஆதியாகமம் 38ல வர்ற யூதாவும் அப்படித்தான், தன்னோட மருமக தாமார் வேசித்தனத்தால கர்ப்பமா இருக்கான்னு கேட்டதும் அவளை சுட்டெரிங்கன்னுட்டாரு, அப்புறம் அவளை யாருன்னு தெரியாம அவகிட்ட போனப்போ அடமானமா கொடுத்த தன்னோட முத்திரை மோதிரமும் கோலும் எதிர்ல வந்தப்போதான் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்"னு ஒத்துக்கிட்டாரு.

அதனால இப்படி செஞ்சு பாருங்க. யார் மேல கோவமோ அவங்களைப் பத்தி மனசுல ஓடுறதை ஒரு பேப்பர்ல அப்படியே எழுதுங்க, "அவன் பொய் சொல்றான், பெருமை பிடிச்சவன்"னு எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் அந்தப் பேரை அடிச்சுட்டு உங்க பேரைப் போட்டு மெதுவா படிங்க. அதே தப்பு அதே ரூபத்துல உங்ககிட்ட இருக்கணும்னு அவசியமில்ல, வேர் ஒண்ணா இருக்கலாம். அவர் பணத்துல ஏமாத்துறாரு, நாம வேலை நேரத்துல ஏமாத்துறோம். அவங்க வெளிப்படையா பெருமை அடிக்கிறாங்க, நாம நம்ம தாழ்மையை யாராவது கவனிக்கிறாங்களான்னு பாத்துட்டு இருக்கோம். (இந்த ரெண்டாவது விஷயம் சபைக்குள்ள ரொம்ப சாதாரணமா நடக்குது, லூக்கா 18ல வர்ற பரிசேயன் ஜெபத்துலயே அடுத்தவனோட தன்னை கம்பேர் பண்ணலையா.)

அப்புறம் சங்கீதம் 139:23,24ஐ ஜெபமாவே சொல்லுங்க, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்". சொல்லிட்டு உடனே எழுந்திடாதீங்க, கொஞ்ச நேரம் அமைதியா உக்காருங்க. அதோட ஒரு மனுஷர்கிட்டயும் கேளுங்க, தாவீதுக்கே ஒரு நாத்தான் தேவைப்பட்டாரு. நம்மளைப் புகழ்ற ஆள்கிட்ட கேட்டு பிரயோஜனமில்ல, கூட வாழ்ற ஆள்கிட்ட "என்னால உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு"னு கேளுங்க, அவங்க சொல்றப்போ குறுக்க பேசாதீங்க, விளக்கம் கொடுக்காதீங்க.

தெரிய வந்ததை "ஆண்டவரே நான் பாவி"னு பொதுவா சொல்லி முடிச்சுடாதீங்க, இன்னாருக்கு இன்னதை செஞ்சேன்னு பேர் சொல்லி அறிக்கை பண்ணுங்க. அந்த ஆள் உயிரோட இருந்தா போய் மன்னிப்பு கேளுங்க, மத்தேயு 5:24ல காணிக்கையையே பலிபீடத்துகிட்ட வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இருக்கே.

இதெல்லாம் ஆனப்புறமும் அவரோட தப்பு தப்பாவே இருந்தா அவர்கிட்ட பேசுங்க, தனியா (மத்தேயு 18:15), சாந்தமா (கலாத்தியர் 6:1). முக்கியமா, அவர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி அதை ஜெப விண்ணப்பம்னு பேர் வச்சு குரூப்ல போடாதீங்க, அது புறங்கூறுதல்தான்.

இன்னொண்ணு, இந்த வசனத்தை பாதிக்கப்பட்டவங்க வாயை அடைக்க யூஸ் பண்ணவே கூடாது. வீட்ல அடி வாங்குற பெண்ணுகிட்டயோ, ஒருத்தரால துன்பப்பட்ட பிள்ளைகிட்டயோ போய் "முதல்ல உன் உத்திரத்தைப் பாரு"னு சொன்னா அது பெரிய அநியாயம். அங்க தனியா போய் பேசுற முறையும் சரிப்படாது. அவங்களை முதல்ல பாதுகாப்பான இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, போலீஸ்ல சொல்ல வேண்டியதை சொல்லுங்க, தப்பு செஞ்சவர் சபையில எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.