காலண்டர் தாளைக் கிழித்ததும் குப்பையில் போடாதீர்கள்

ஜெபிக்க உட்கார்ந்தாலே வாயில் முதலில் வருவது விண்ணப்பம்தான், நன்றி எல்லாம் கடைசியில் ஒரு வரி, அதுவும் அவசரமாக. பைபிளில் லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் இயேசுவால் சுகமானவர்கள் 10 குஷ்டரோகிகள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒரு சமாரியன். மற்ற ஒன்பது பேரும் நம்ம கட்சி.

காலையில் நேற்றைய காலண்டர் தாளைக் கிழிப்பீர்கள் இல்லையா, அதன் பின்பக்கம் நேற்று கிடைத்த ஒரு நன்மையை எழுதி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். "கர்த்தர் நல்லவர்" என்று பொதுவாக வேண்டாம், "மழையில் நின்றபோது பஸ் உடனே வந்தது" என்று எழுதுங்கள். காய்ச்சல் நாளிலா? "இரண்டு வாய் கஞ்சி இறங்கியது", அது போதும். அப்புறம் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும் முன் பாட்டிலைக் கவிழ்த்து ஆளுக்கு ஒன்றாக வாசியுங்கள்.