தோல்பாவைக் குழுவுக்கு வெளிநாட்டுத் தொடர்பு புடிக்கிறது எப்படி?

நான் கூத்துக்காரன் இல்லைங்க. கன்னியாகுமரி பக்கம் தோல்பாவைக் கூத்து (தோல்ல வெட்டின பாவையைத் திரைக்குப் பின்னாடி விளக்கு வெளிச்சத்துல ஆட்டிக் கதை சொல்றது) ஆடுற ஒரு குடும்பத்துக்கு மெயில் போடுறது, ஃபார்ம் நிரப்புறது, போன்ல இங்கிலீஷ் பேசுறது, இதான் என் வேலை. "உங்களுக்கு மட்டும் எப்படி ஃபாரின் ப்ரோக்ராம் வருது"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல் மெயில்ல காசு கேக்காதீங்க. நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் பண்ற தப்பு இதுதான். "எங்கள் கலை அழிந்து வருகிறது, உதவுங்கள்"னு ரெண்டு பக்கம் எழுதி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை ஃபார்வர்ட் பண்ணுவாங்க, ஒருத்தரும் திரும்ப எழுத மாட்டாங்க. அதுக்குப் பதிலா நம்ம தொழிலையே பண்றவங்க வேற எங்க இருக்காங்கன்னு தேடுங்க. ஜாவாவுல வயாங் குலித்ங்கிற நிழல் பாவைக் கூத்துக்காரங்க எருமைத் தோல்ல பாவை வெட்டுறாங்க, துருக்கியில காராகோஸ் பாவைக்கு ஒட்டகத் தோலும் உண்டு, கம்போடியாவுல ஸ்பெக் தோம்னு ஆள் உயரத்துக்கு மாட்டுத்தோல்ல, கதை என்னன்னு பாத்தா நம்ம ராமாயணம்தான், அங்க அதுக்குப் பேரு ரியாம்கெர். நாம ஆட்டுத்தோல். இப்படி ஒரு குழுவுக்கு "நீங்க தோலை எப்படிப் பதப்படுத்துறீங்க, சாயம் வெளிச்சத்துல மங்காம இருக்க என்ன பண்றீங்க"ன்னு நாலு வரி கேட்டுப் பாருங்க, பதில் வரும். எங்களுக்கு வந்துச்சு. தொழில் கேள்விக்குக் கலைஞன் பதில் சொல்லாம இருக்க மாட்டான்.

அந்த மெயில் கூட ஒரு வீடியோ போகணும். மூணு நிமிஷம் போதும். மேடைக்கு முன்னாடி வச்சு எடுத்தது எல்லார்கிட்டயும் இருக்கு, நீங்க திரைக்குப் பின்னாடி நின்னு எடுங்க. எங்க குழுப் பெரியவர் ஒரு கையில ராமனையும் இன்னொரு கையில அனுமாரையும் புடிச்சுக்கிட்டு, ரெண்டு பேருக்கும் குரல் மாத்திப் பேசிக்கிட்டு, காலால கட்டையைத் தட்டிக்கிட்டு, நடுவுல பேரன் கிட்ட "அடுத்தது எடுடா"ன்னு வீட்டுல பேசுற மராத்தியில சொல்லுவாரு பாருங்க, அந்த இருபது செகண்ட் அதுல கண்டிப்பா இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். மியூசிக் போட்டு எடிட் பண்ணி, டைட்டில் சுத்த விட்டு, அதெல்லாம் வேணாம்.

அடுத்து அமைப்புகள். பாவைக் கலைக்குன்னே உலக அளவுல யூனிமான்னு ஒண்ணு இருக்கு, 1929ல ப்ராக் நகரத்துல ஆரம்பிச்சது. அதோட ஆபீஸ் பிரான்ஸ்ல சார்ல்வில்-மெசியேர்ங்கிற ஊர்ல, அதே ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செப்டம்பர்ல பெரிய பாவைத் திருவிழா நடக்கும். டெல்லியில இஷாராங்கிற பாவைக் குழு நடத்துற தாதி பதம்ஜியே யூனிமா உலகத் தலைவரா இருந்தவர்தான், அதனால நம்ம நாடு அவங்களுக்குப் புதுசு இல்ல. இந்தியாவுலயும் கிளை இருக்கு, மெம்பர் ஆயிடுங்க. ஆனா மெம்பர்ஷிப் கார்டு வாங்கிட்டு சும்மா உக்காந்தா எந்த ப்ரோக்ராமும் வீடு தேடி வராது.

பயணச் செலவு யார் குடுப்பாங்கன்னு பாக்க ஆன் தி மூவ்னு ஒரு தளம், எந்த நாட்டு நிதி யாருக்குன்னு காசு வாங்காம போடுறாங்க. சென்னையில ஜெர்மன்காரங்க கலாச்சார மையம் கோத்தே இன்ஸ்டிடியூட் (நம்மூர்ல மேக்ஸ் முல்லர் பவன்னு சொன்னாதான் தெரியும்), பிரெஞ்சுக்காரங்களோட அலியான்ஸ் பிரான்சேஸ் ரெண்டுமே நுங்கம்பாக்கம்தான், ஒரே நாள்ல பாத்துடலாம். மெயில் போட்டுட்டு விட்டுடாதீங்க, அவங்க நிகழ்ச்சிக்குப் போய் உக்காருங்க, முடிஞ்சதும் டீ குடிக்கும்போது ரெண்டு வார்த்தை பேசுங்க. நம்ம மத்திய அரசோட ஐசிசிஆர் (இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில்) பட்டியல்லயும் பேரைப் பதிஞ்சு வைங்க, லேட் ஆகும், ஆனாலும் பதியணும்.

இப்போ காசு விஷயம், இதுல அவசரப்படாதீங்க. வெளிநாட்டுக்காரங்க "உங்க ட்ரஸ்ட்டுக்கு நன்கொடை அனுப்புறோம்"னு சொன்னா சந்தோஷத்துல அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துடாதீங்க. அது எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள்ள வரும். பதிவு வேணும்னா அமைப்பு ஆரம்பிச்சு 3 வருஷம் ஆகியிருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். நம்ம மாதிரி குழு எங்க போறது? ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட ஆள்கிட்ட வாங்க முன் அனுமதின்னு இன்னொரு வழி இருக்கு. எதுல போனாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் பணம் முதல்ல டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல தனி அக்கவுண்ட்லதான் வந்து விழணும், வாங்கினதை இன்னொரு அமைப்புக்கு மாத்தியும் விட முடியாது. பணமா இல்லாம ட்ரஸ்ட்டுக்கு லைட் செட்டா தானம் குடுத்தாலும் அதே கணக்குதான். ஆனா நீங்க தொழிலா ஆடி, அதுக்கு இன்வாய்ஸ் போட்டு வாங்குற கூலி இந்தச் சட்டத்துல நன்கொடை ஆகாது. அதனால நான் எப்பவும் "நன்கொடை வேணாம், ஷோவுக்கு ஃபீஸ் குடுங்க"ன்னுதான் கேப்பேன், மரியாதையும் அதுலதான் இருக்கு. ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. அந்த ஊர்ல வரி புடிச்சா அதுக்கு சர்டிஃபிகேட் வாங்காம ஃப்ளைட் ஏறாதீங்க.

பாஸ்போர்ட் கதையைக் கேளுங்க. முதல் தடவை அழைப்பு வந்தப்போ பெரியவர் பேரு ஆதார்ல இனிஷியலோட, ரேஷன் கார்டுல வேற எழுத்து, பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா முழுசா நீட்டி. அழைப்புக் கடிதத்துல நான் வழக்கமா கூப்பிடுற பேரைக் குடுத்துட்டேன், பூரா தப்பும் என்னுதுதான். கடிதத்தைத் திருப்பி வாங்குறதுக்குள்ள விசா தேதி போச்சு, அந்தத் திருவிழாவும் போச்சு. "பரவால்ல தம்பி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆடப் போலாம்"னுட்டாரு, எனக்குத்தான் ரெண்டு நாள் சோறு இறங்கல. அதனால அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே எல்லார் பாஸ்போர்ட்டும் கையில இருக்கட்டும், பேரை அதுல இருக்கிற மாதிரி எழுத்து மாறாம அனுப்புங்க. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) 6 மாசம் முன்னாடியே போடலாம், 30,000 யூரோ கவர் ஆகுற இன்சூரன்ஸ் வேணும்.

பெட்டி கட்டும்போது பாவைகளுக்கு ஏடிஏ கார்னேன்னு ஒரு பேப்பர் எடுங்க, இங்க ஃபிக்கிங்கிற வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு தர்றாங்க. பொருளைக் கொண்டு போய் காட்டிட்டு திரும்பக் கொண்டு வர்றதுக்கு, ஒரு வருஷம் செல்லும், கஸ்டம்ஸ்ல வரி கட்ட வேணாம். ஒவ்வொரு பாவைக்கும் போட்டோ, அளவு, என்ன தோல்னு லிஸ்ட் போடுங்க. தாத்தா காலத்துப் பெட்டியில மான் தோல் பாவை இருந்தா அதைத் தொடாதீங்க, வீட்டுலயே இருக்கட்டும். மயில் பீலி ஏற்றுமதிக்குத் தடை. கஞ்சிராவுல உடும்புத் தோல் இருந்தா பறிமுதல் மட்டும் இல்ல, கேஸே ஆகும், ஆட்டுத்தோலுக்கு மாத்திட்டு கொண்டு போங்க.

ஒப்பந்தம் ஒரு பக்கமா இருந்தாலும் எழுத்துல வாங்குங்க. டிக்கெட், தங்குறது, தினப்படி, பெட்டிக்கு ஆகுற எக்ஸ்ட்ரா வெயிட் இதெல்லாம் யாருதுன்னு தெளிவா இருக்கணும். வீடியோ எடுத்தா எவ்வளவு நிமிஷம், எங்க போடலாம்னும் கேளுங்க. ஒரு இடத்துல எங்க முழு ராத்திரிக் கதையையும் எடுத்து நெட்ல போட்டுட்டாங்க, கேக்கவும் இல்ல, குழு பேரும் போடல.

திரும்பி வந்த வாரமே நன்றி மெயில் போடுங்க, அமைப்புக்கு இல்ல, உங்களை ஏர்போர்ட்ல கூப்பிட வந்த ஆளுக்கு, லைட் போட்ட பையனுக்கு. டைரக்டருங்க மாறிடுவாங்க, இவங்கதான் அடுத்த வருஷம் வேற திருவிழாவுல இருப்பாங்க. எங்க ஜாவா நண்பர் இன்னும் காசு பத்தி ஒரு வார்த்தை பேசினது இல்ல, போன மாசம் எருமைத் தோல் துண்டு ஒண்ணு கவர்ல அனுப்பியிருந்தாரு. பெரியவர் அதை விளக்கு முன்னாடி புடிச்சுப் பாத்துட்டு, "வெளிச்சமே ஊடுருவலையே, இதுல எப்படி வர்ணம் காட்டுறான்"னு கேளுன்னாரு. கேட்டு எழுதியிருக்கேன்.