விடுதி அறையில் மூட்டைப்பூச்சியை ஒழித்த விதம்

சென்னையில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே விடுதி. மொட்டைமாடிக்குக் கீழே எங்கள் அறை. சித்திரை பிறந்ததும் இரவுத் தூக்கம் போயிற்று. செல்பேசி வெளிச்சத்தில் மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். மூட்டைப்பூச்சியேதான்.

கடையில் விற்கும் மருந்துத் தெளிப்பானை மட்டும் நம்பாதீர்கள். பல பூச்சிகள் அதற்குப் பழகிவிட்டன. தப்பியவை சுவர் வெடிப்பு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும். வெப்பம்தான் உறுதியான வழி. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சற்று நேரம் இருந்தால் முட்டைகூடப் பிழைக்காது. சும்மா வெயிலில் காயப்போட்டால் நிழல் பக்கமாக ஒளிந்துகொள்ளும். அதனால் துணிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வாய்கட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் பகல் முழுதும் வைத்தோம். மெத்தைத் தையல்கள்மீது இஸ்திரிப் பெட்டியை மெல்ல நகர்த்தினோம்.

கட்டிலுக்குத்தான் பெரும் உழைப்பு. இரும்புக் குழாய்களின் திறந்த வாய்க்குள் அவை கூட்டமாகக் குடியிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றி, மெஸ் அண்ணன் கொடுத்த கொதிநீரை ஒவ்வொரு மூட்டிலும் ஊற்றினோம். உலர்ந்ததும் குழாய் வாய்களை எம்-சீலால் அடைத்தோம்.

முட்டை பொரிக்க ஏறக்குறைய 6 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாராவாரம் இதையே திரும்பச் செய்ய வேண்டும். காப்பாளரிடம் சொல்லிப் பக்கத்து அறைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் பட்டினியால் செத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் இரையில்லாமல் தாக்குப்பிடிக்கும். ஊருக்கு எடுத்துப்போகும் பையையும் அதேபோல் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஒருநாள் வெயிலில் வைத்துவிட்டே கிளம்புங்கள்.